'இது என்ன பறவை?' மடலுக்கு ஏன் யாரும் பதில் போடவில்லை

கேள்வி சுருக்கமாக இதுதான்: பறவை பார்ப்போர் மின்னஞ்சல் குழு ஒன்றில் புதிதாகச் சேர்ந்தேன், நான்கு படங்களை இணைத்து 'இது என்ன பறவை?' என்று ஒரு மடல் போட்டேன், ஒருவரும் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து வேறொரு இழையில் (ஒரே தலைப்பில் தொடர்கிற மடல்களில்) 'அருமை' என்று எழுதினேன், அதற்கு மட்டுறுத்துநர் (குழுவைக் கவனித்துக்கொள்கிறவர்) 'பழைய மடலை வெட்டிவிட்டுப் பதில் எழுதுங்கள்' என்று தனியாக எழுதினார். நான் செய்த தப்பு என்ன, இதற்கெல்லாம் எழுதாத சட்டம் ஏதாவது இருக்கிறதா?

எழுதிய சட்டமே இருக்கிறது. இணையத்தில் எப்படி நடந்துகொள்வது என்று 1995 அக்டோபரில் ஒரு வழிகாட்டி வெளிவந்தது, ஆர்.எஃப்.சி 1855 என்று பெயர் (ஆர்.எஃப்.சி என்பது இணையத்துக்கான குறிப்புகளின் வரிசை, 1855 அதில் இதன் எண்). மின்னஞ்சல் குழுவில் சேர்ந்தால் ஒன்றிரண்டு மாதம் சும்மா படித்துக்கொண்டிருந்துவிட்டு அப்புறம் எழுது, கையொப்பம் நாலு வரிக்கு மேல் வேண்டாம், கோபம் வந்தால் ஒரு ராத்திரி பொறுத்துவிட்டுப் பதில் போடு என்றெல்லாம் அதிலேயே இருக்கிறது. முப்பது வருடம் ஆகிறது, இன்றைக்கும் புதிதாகச் சேர்கிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் தடுக்கி விழுவது அதே இடங்களில்தான். நானும் விழுந்திருக்கிறேன். இப்படி ஒரு குழுவில் பதினைந்து வருடமாக இருக்கிறேன், அதில் ஆறு வருடம் மட்டுறுத்துநர் வேலையும் பார்த்தேன் (சம்பளம் கிடையாது, வசவு உண்டு), அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

உங்கள் பிரச்சினை அநேகமாக வாட்ஸ்அப் பழக்கம். வாட்ஸ்அப்பில் ஒரு படத்தைத் தட்டிவிட்டால் அந்த நேரத்தில் போனைக் கையில் வைத்திருக்கிற நாலு பேர் ஏதாவது சொல்வார்கள், மறுநாள் அது நூறு செய்திக்குக் கீழே போய்விடும், யாருக்கும் நஷ்டமில்லை. மின்னஞ்சல் குழுவில் நீங்கள் எழுதுவது முந்நூறு பேர், ஐந்நூறு பேர் பெட்டியில் தனித்தனியாகப் போய் உட்கார்கிறது. அதோடு முடிவதுமில்லை. குழுவின் ஆவணத்தில் அது கிடக்கும், எட்டு வருடம் கழித்து யாரோ ஒருவர் 'கூந்தன்குளம் வரித்தலை வாத்து' என்று தேடும்போது உங்கள் மடல் வந்து நிற்கும். எங்கள் குழுவில் பழைய ஆட்கள் சிலர் இன்றைக்கும் வாட்ஸ்அப்புக்கு மாறாமல் இருப்பதற்கு ஒரே காரணம் இந்த ஆவணம்தான். எந்த ஏரிக்கு எந்த வருடம் எத்தனை பூநாரை வந்தது என்று அதில் தேடி எடுக்க முடிகிறது. ஆகவே மடல் எழுதும்போது கண் முன்னால் இரண்டு ஆட்களை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் காலை ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் போனில் பார்க்கிறவர். இன்னொருவர் பல வருடம் கழித்துத் தேடிக்கொண்டு வருகிறவர். இரண்டு பேருக்கும் உதவுகிற மாதிரி எழுதினால் போதும், மற்ற விதிகளெல்லாம் இதற்குள்ளேயே அடங்கிவிடும்.

இப்போது உங்கள் முதல் மடலுக்கு வருகிறேன். தலைப்பு 'உதவி தேவை'. உள்ளே ஒரு வரி. நாலு படம், போனில் இருந்து அப்படியே, ஒவ்வொன்றும் ஐந்தாறு எம்.பி. முதலில் அது குழுவுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள், நிறையக் குழுக்களில் ஒரு அளவுக்கு மேல் கனமான மடல் வெளியே போகவே போகாது, மடல் திரும்பிவிட்டது என்று உங்களுக்கு வந்த அறிவிப்பு ஸ்பாமில் கிடக்கும். போய்ச் சேர்ந்திருந்தாலும் பதில் தெரிந்தவர் என்ன செய்வார் என்று யோசியுங்கள். படத்தைத் திறக்கிறார், வேப்பங்கிளைக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ இருக்கிறது. எந்த ஊர்? தெரியாது. எந்த மாதம்? தெரியாது. எவ்வளவு பெரிது? தெரியாது. 'எங்கே பார்த்தீர்கள்?' என்று கேட்டு ஒரு மடல் போட அவருக்குச் சோம்பலாக இருக்கிறது, வேறு யாராவது கேட்கட்டும் என்று விட்டுவிடுகிறார். ஐந்நூறு பேரும் இப்படியே நினைத்தால் என்ன ஆகும்? அதுதான் ஆகியிருக்கிறது. உங்கள் மேல் யாருக்கும் கோபம் இல்லை.

பறவையை அடையாளம் சொல்கிறவர்கள் படத்தை மட்டும் பார்த்துச் சொல்வதில்லை, இடமும் மாதமும் பாதி வேலையைச் செய்துவிடும். ஜூன் மாதம் மதுரையில் எடுத்த படம் என்றால் வலசை வருகிற பறவைகளில் பெரும்பாலானவற்றை யோசிக்கவே வேண்டாம், ஜனவரி என்றால் கதை வேறு. அளவைச் சொல்லும்போது சென்டிமீட்டர் வேண்டாம், யாராலும் மரத்தில் இருக்கிற பறவையை அளக்க முடியாது. 'மைனாவை விடச் சின்னது, சிட்டுக்குருவியை விடப் பெரிது', 'காக்கை அளவு ஆனால் ஒல்லி' என்று சொல்லுங்கள். அப்புறம் அது என்ன செய்துகொண்டிருந்தது. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், உண்மையில் இதுதான் அதிகம் உதவும். சேற்றில் நடக்கிற உள்ளான் வகைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கிரீன் சாண்ட்பைப்பரும் வுட் சாண்ட்பைப்பரும் தூரத்தில் நிற்கும்போது புதியவர்களுக்கு ஒன்று போலவே இருக்கும், ஆனால் பறக்கும்போது முன்னதன் இறக்கையின் அடிப்பக்கம் கருப்பாகத் தெரியும், பின்னதற்கு வெளிறிய நிறம். வாலை ஓயாமல் ஆட்டிக்கொண்டு, தோள்பட்டை அருகே வெள்ளை ஏறியிருந்தால் அது காமன் சாண்ட்பைப்பர். 'நான் பக்கத்தில் போனதும் கிளம்பிப் பறந்தது, இறக்கைக்கு அடியில் கருப்பாக இருந்தது' என்று நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தால் படம் மங்கலாக இருந்தாலும் யாராவது சொல்லிவிடுவார்கள்.

ஆக மடல் இப்படி இருக்கலாம். தலைப்பு: 'அடையாளம் தேவை: வேட்டையாடும் பறவையா? திருநெல்வேலி, மார்ச் 9'. உள்ளே: 'வணக்கம். இன்று காலை ஏழு மணிக்கு வீட்டுக்குப் பின்னால் இருக்கிற வேப்பமரத்தில் பார்த்தது. புறா அளவு, முதுகு சாம்பல், வயிற்றில் குறுக்குக் கோடுகள். தவிட்டுக்குருவிகள் சுற்றி நின்று கத்தின. பத்து நிமிடம் அசையாமல் இருந்தது, குரல் எதுவும் கேட்கவில்லை. நான் வைரி (ஷிக்ரா) என்று நினைக்கிறேன், ஆனால் அலகு சரியாகத் தெரியவில்லை. இரண்டு படம் சிறிதாக்கி இணைத்திருக்கிறேன்.' அவ்வளவுதான், எட்டு வரி. 'நான் இன்னது என்று நினைக்கிறேன்' என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். தப்பாக இருந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள், புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று தெரிந்தால் பதில் சொல்கிறவருக்குக் கை தானாக வரும். தப்பான யூகத்தைத் திருத்துவதில் மனிதர்களுக்கு இருக்கிற சுறுசுறுப்பு வெறும் கேள்விக்குப் பதில் சொல்வதில் கிடையாது, இதைத் தந்திரமாகவே பயன்படுத்துகிறவர்களும் உண்டு.

படங்களைப் பற்றி ஒன்றிரண்டு. ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிக்சல் அகலம் தாராளம். பறவையை வெட்டி எடுத்த படம் ஒன்று, சுற்றுப்புறத்தோடு முழுப் படம் ஒன்று அனுப்புங்கள். நிறத்தைத் தூக்கிக் காட்டுகிற வேலை எதுவும் செய்யாதீர்கள், மஞ்சளா வெள்ளையா என்பதில்தான் சில சமயம் முடிவே இருக்கும். கேமராவின் பின் திரையைப் போனில் படம் பிடித்து அனுப்புவது அசிங்கம் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை, அடையாளம் காண அது போதும்.

பெயரையும் சொல்லிவிடுகிறேன். தமிழில் எழுதுங்கள், தமிழ் எழுத்தில் எழுதுங்கள், ஆனால் முதல் முறை குறிப்பிடும்போது ஆங்கிலப் பெயரையும் பக்கத்தில் சேருங்கள். நமக்கு ஒரே பறவைக்கு ஊருக்கு ஒரு பெயர், செம்போத்து என்பார்கள், செண்பகம் என்பார்கள், தேடுகிறவர் எந்தப் பெயரைப் போட்டுத் தேடுவார் என்று உங்களுக்குத் தெரியாது. அறிவியல் பெயர் மாறாது என்று நம்பிக்கொண்டிருந்தோம், அதையும் மாற்றுகிறார்கள், 2024 இல் ஈபேர்ட் (பறவை பார்த்த பதிவுகளைச் சேர்த்து வைக்கிற இணையதளம்) பட்டியலில் வைரியின் பேரினப் பெயர் ஆக்ஸிபிட்டரில் இருந்து டாக்கிஸ்பைசா ஆகிவிட்டது.

சரி, 'அருமை' விஷயம். அந்த ஒரு வார்த்தைக்குக் கீழே என்ன போயிருக்கிறது என்று நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், தப்பு உங்களுடையது மட்டும் இல்லை. ஜிமெயிலில் பதில் எழுதும்போது பழைய மடல் முழுவதும் மூன்று புள்ளிக்குள் சுருண்டு கிடக்கும், கண்ணில் படாது. நீங்கள் எழுதியது ஒரு வார்த்தை, அனுப்பியது பதினாலு பேர் பேசிய முழு இழை. தனித்தனி மடலாகப் படிக்கிறவருக்கு இது பெரிய தொல்லை இல்லை. ஆனால் குழுவில் ஒரு கூட்டம் தொகுப்பு மடலாக வாங்குகிறது, அன்றைக்கு வந்தது எல்லாம் ஒரே நீள மடலாக இரவில் வரும். அவர்கள் உங்கள் 'அருமை'யைப் படிக்க எத்தனை முறை விரலால் தள்ள வேண்டும் தெரியுமா? அதே பழைய மடல் ஐந்து பேர் பதிலில் ஐந்து முறை வந்திருக்கும். எங்கள் குழுவில் வயதான ஒரு உறுப்பினர், பறவை விஷயத்தில் பெரிய கை, இந்த ஒரு காரணத்துக்காகவே விலகிப் போனார். அவரைத் திரும்பக் கூட்டி வர முடியவில்லை.

மூன்று புள்ளியைத் தட்டுங்கள், நீங்கள் எந்த வரிக்குப் பதில் சொல்கிறீர்களோ அந்த ஒன்றிரண்டு வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழியுங்கள், அதற்குக் கீழே உங்கள் பதிலை எழுதுங்கள். மேலே எழுதலாமா கீழே எழுதலாமா என்று இதில் ஒரு பழைய சண்டை உண்டு, நான் அதற்குள் போகவில்லை, போனில் எழுதுகிறவர்கள் பெருகிய பிறகு மேலே எழுதுவதே வழக்கமாகிவிட்டது. வெட்டினால் போதும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: பழைய மடலின் நடுநடுவே சிவப்பு எழுத்தில் பதில் எழுதி 'என் பதில் சிவப்பில்' என்று சொல்வது. தொகுப்பு மடலில் நிறம் காணாமல் போய்விடும், யார் எதைச் சொன்னார்கள் என்றே தெரியாது. 'அருமை', 'நன்றி', 'வாழ்த்துகள்' மட்டும் சொல்ல வேண்டுமென்றால் படம் போட்டவருக்குத் தனியாக அனுப்புங்கள், அவருக்கு அது இன்னும் சந்தோஷமாக இருக்கும்.

தனியாக அனுப்புவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சில குழுக்களில் 'பதில்' பொத்தானை அழுத்தினால் எழுதியவருக்கு மட்டும் போகும், சிலவற்றில் குழு முழுவதற்கும் போகும், அமைப்பைச் செய்தவர் எப்படி வைத்தாரோ அப்படி. நான் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு உறுப்பினர் வாரா வாரம் அபூர்வப் பறவை பார்த்ததாக எழுதிக்கொண்டிருந்தார், அதை என் நண்பர் ஒருவர் மடலில் கிண்டல் செய்திருந்தார், நண்பருக்கு மட்டும்தான் போகிறது என்று நினைத்து, 'இவருக்குக் காக்கைக்கும் குயிலுக்கும் வித்தியாசம் தெரியாது, விடு' என்று பதில் போட்டேன். போனது குழுவுக்கு. முந்நூற்றுச் சொச்சம் பேருக்கு. மின்னஞ்சலில் அனுப்பியதைத் திரும்பப் பிடிக்க சில வினாடிதான் அவகாசம், எனக்குத் தெரிய அரை மணி நேரம் ஆயிற்று. அவரிடம் குழுவிலேயே மன்னிப்புக் கேட்டேன், தனியாகப் போன் செய்தும் கேட்டேன். மனிதர் பெருந்தன்மையாக விட்டுவிட்டார். அதற்கு அடுத்த மாதம் அவர் பார்த்ததாகச் சொன்ன ஒன்று உண்மையிலேயே அபூர்வமானது, படத்தோடு வந்தது, அப்போது நான் இருந்த இடம் தெரியவில்லை. அன்றையிலிருந்து அனுப்புவதற்கு முன்னால் 'பெறுநர்' வரியை வாய்விட்டுப் படிக்கிறேன்.

புதிய பேச்சை ஆரம்பிக்க யாரோ எழுதிய மடலைத் திறந்து 'பதில்' அழுத்தி, தலைப்பை மட்டும் அழித்துவிட்டு எழுதுகிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது, குழு முகவரியைத் தட்டச்சு செய்ய வேண்டாமே என்று. மடலின் தலைக்குள் 'இது இன்னாருடைய இன்ன மடலுக்குப் பதில்' என்று ஒரு குறிப்பு மறைவாகப் போகிறது, தலைப்பை மாற்றினாலும் அது போகாது. ஜிமெயிலில் தனி உரையாடலாகப் பிரிந்து தெரியும், உங்களுக்குச் சரியாகவே இருக்கும். தண்டர்பேர்ட் என்கிற மடல் செயலியில் படிக்கிறவருக்கோ, பூநாரை இழைக்கு நடுவே உங்கள் பைனாகுலர் கேள்வி தொங்கிக்கொண்டிருக்கும். புது விஷயத்துக்குப் புது மடல். அதே மாதிரி தொகுப்பு மடலுக்குப் பதில் எழுதினால் தலைப்பு ஏதோ எண்ணாக இருக்கும், அதைக் கையால் மாற்றுங்கள்.

இனி நான் கொஞ்சம் கடுமையாகவே பேசப்போகிற இடம். கூடு. இதை எந்தப் பொதுவான மின்னஞ்சல் விதியிலும் பார்க்க முடியாது, ஆனால் பறவைக் குழுவில் மற்ற எல்லாத் தப்பையும் மன்னிக்கலாம், இதை முடியாது. ஒரு ஆந்தைக் கூடு பார்த்தீர்கள், சந்தோஷம் தாங்கவில்லை, 'இன்ன சாலையில் இன்ன கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது மரம்' என்று எழுதிவிடுகிறீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த மரத்தடியில் பதினைந்து கேமரா நிற்கும். நல்லவர்கள்தான், யாரும் கல்லெறிய வரவில்லை. ஆனால் ஆள் நடமாட்டம் பார்த்துத் தாய்ப்பறவை கூட்டுக்கு வராது, அந்த நேரத்தில் வெயில் முட்டையைச் சுடும், காக்கை பார்த்துக்கொண்டே இருக்கும். ஆந்தைகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு, மாந்திரீகத்துக்காக அவற்றைப் பிடித்து விற்கிற வியாபாரம் நாட்டில் இன்னும் நடக்கிறது, குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. ஈபேர்ட் தளமே ஆபத்தில் இருக்கிற சில பறவைகளின் சரியான இடத்தைப் பொதுவில் காட்டாமல் மறைத்து வைக்கிறது. ஆகவே கூட்டைப் பற்றி எழுத வேண்டுமானால் மாவட்டத்தோடு நிறுத்துங்கள், குஞ்சு பறந்து போன பிறகு எழுதுங்கள், யாராவது தனியாக இடம் கேட்டால் 'சொல்ல முடியாது' என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். கூட்டுப் படத்தைத் தவிர்த்துவிடுவதே நல்லது, புகைப்படப் போட்டிகள் பலவும் அதை ஏற்பதில்லை.

எழுத்தில் இடத்தை மறைத்துவிட்டுப் படத்தில் காட்டிக்கொடுக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். போனில் எடுத்த படத்துக்குள் அட்சரேகை தீர்க்கரேகை எண்கள் பதிந்திருக்கும், படத்தை அப்படியே இணைத்தால் அவையும் கூடப் போகும், தெரிந்தவருக்கு வரைபடத்தில் மரத்தைக் காட்டிவிடும். அனுப்பும் முன் படத்தின் விவரத்தில் போய் இடக் குறிப்பை நீக்கிவிடுங்கள்.

அடுத்தவர் தப்பாக அடையாளம் சொன்னால் எப்படித் திருத்துவது? 'தவறு. இது அக்காக்குயில்' (பார்க்க வைரி போலவே இருக்கிற ஒரு குயில்) என்று மூன்று வார்த்தையில் எழுதாதீர்கள். எழுதியவருக்கு முகத்தில் அடித்த மாதிரி இருக்கும், படிக்கிற மற்றவருக்கோ ஒன்றும் கற்றுக்கொள்ள இருக்காது. ஏன் என்று சொல்லுங்கள். 'வைரி என்று எனக்கும் முதலில் தோன்றியது, ஆனால் அலகின் நுனி வளைந்து கொக்கி போல இல்லை, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் இருக்கிறது, அக்காக்குயிலாக இருக்கலாம்' என்று எழுதினால் விஷயமும் வந்துவிட்டது, மனஸ்தாபமும் இல்லை. நீங்கள் திருத்தப்படுகிற இடத்தில் இருந்தால் அதே இழையில் 'ஆமாம், பார்த்தேன், நீங்கள் சொன்னதுதான் சரி' என்று ஒரு வரி எழுதி முடித்துவையுங்கள். இந்த ஒரு வரியை எழுதுவதற்குத்தான் ஜனங்களுக்குக் கை வருவதில்லை. முடிவு தெரியாமல் தொங்குகிற இழைகள் எங்கள் ஆவணத்தில் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன, தேடி வருகிறவர் கடைசி மடல் வரை படித்துவிட்டு ஏமாந்து போகிறார்.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். பண்டிகை வாழ்த்து, அரசியல், எங்கிருந்தோ வந்த ஃபார்வர்ட் எதுவும் வேண்டாம், குருவி அழிந்ததற்கு செல்போன் கோபுரம்தான் காரணம் என்கிற ஃபார்வர்டும் வேண்டாம், அது வருடத்துக்கு இரண்டு முறை எப்படியும் வந்துவிடும். பழைய பைனாகுலர், லென்ஸ் விற்பதற்குக் குழுவில் அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். தானியங்கி விடுமுறைப் பதிலைப் போடுவதற்கு முன் குழுவில் மடல் வருவதை நிறுத்திவையுங்கள். ஒரு தீபாவளிக்கு ஒருவர் இதை மறந்து ஊருக்குப் போய்விட்டார், குழுவுக்கு ஒவ்வொரு மடல் வரும்போதும் அவருடைய 'நான் விடுமுறையில் இருக்கிறேன்' குழுவுக்கே வந்தது, அந்தப் பதிலுக்கு இன்னொருவருடைய விடுமுறைப் பதில், மாறி மாறி. காலையில் நான் எழுந்து பார்த்தபோது எண்பதைத் தாண்டியிருந்தது.

உங்கள் படங்களைப் பற்றி: நீங்கள் இங்கே எழுதியிருக்கிற வர்ணனையை வைத்துப் பார்த்தால், சாம்பல் முதுகு, வயிற்றில் கோடு, சின்னப் பறவைகள் சுற்றி நின்று கத்தியது, வைரியாகவும் இருக்கலாம், அக்காக்குயிலாகவும் இருக்கலாம். பறவைகளே ஏமாந்துபோகிற அளவுக்கு இரண்டும் ஒரே சாயல், தவிட்டுக்குருவி இரண்டையும் பார்த்துக் கத்தும், ஒன்று பிடித்துத் தின்ன வரும், மற்றது அதன் கூட்டில் முட்டையிட வரும். அலகும் கண்ணும் தெரிகிற படம் அந்த நாலில் எது என்று பாருங்கள், தொண்டைக்கு நடுவே மெல்லிய கருங்கோடு ஒன்று இறங்குகிறதா என்றும் பாருங்கள், இறங்கினால் வைரி. அந்த ஒரு படத்தை மட்டும் சிறிதாக்கி, புது மடலாக, ஊரும் தேதியும் போட்டுத் திரும்ப அனுப்புங்கள். காலையில் அனுப்புங்கள், எங்கள் ஆட்கள் டீ குடித்துக்கொண்டு மடல் பார்ப்பது அப்போதுதான்.